அக்காவுக்கு முடிச்சுப் போட வராது

அந்த அக்காவுக்கு ஒரு வேலையும் உருப்படியாக வராது என்று எங்கள் காலனியே நம்பியது. நானும் நம்பினேன். நம்பினதோடு நிற்காமல், அவள் எடுத்த வேலையில் பாதியை நான்தான் பிடுங்கிச் செய்துகொண்டிருந்தேன்.

ஐதராபாத் ஓரத்தில் குஷாய்குடா பக்கம் காலையில் ஃபாக்டரி சங்கு ஊதினால் ஆம்பளைகள் எல்லாரும் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஒரே பக்கமாகப் போய்விடுவார்கள். அப்புறம் காலனி எங்கள் கையில். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு ஊர்த் தமிழ். எனக்குத் திருநெல்வேலி. எதிர்வீட்டு மாமிக்குக் கும்பகோணம். அக்காவுக்கு மட்டும் ஊர் என்று சொல்லிக்கொள்ள செகந்திராபாத்தான். அவள் தாத்தா வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குச் சமைத்துப்போட வந்தவர், திரும்பிப் போகிற யோசனையே இல்லாமல் தங்கிவிட்டார். அதனால் அக்கா பேசினால் வாயில் ஐதராபாத்தும் சேர்ந்து விழும். ஆமாம் என்பதற்கு ஹவ். வேண்டாம் என்பதற்கு நக்கோ. எதுக்கு என்று கேட்க வேண்டிய இடத்தில் கைக்கு.

பெரிய கைகள் அவளுக்கு. எதை எடுத்தாலும் நழுவும். எங்கே போனாலும் ஒரு வயர் கூடை, அதற்குள் சிவப்புத் தெர்மாஸ், ஒரே ஒரு கப். அந்தத் தெர்மாஸை மட்டும் அவள் ஒரு தடவைகூடக் கீழே போட்டதில்லை. இது எனக்கு அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

ஒரு பொங்கலுக்குத் தெருவை அடைத்துக் கோலம் போடலாம் என்று ஆசைப்பட்டோம். ஆசைப்பட்டதோடு சரி. நான் போட்டால் மாமி மூக்கைச் சுளிப்பாள், மாமி போட்டால் நான் சிரிப்பேன். பேச்சு அங்கேயே நின்றது. விடிந்து பார்த்தால் அக்கா நடுத்தெருவில் குந்தி உட்கார்ந்து புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறாள். புள்ளியா அது? மண்ணெண்ணெய் குடித்த எறும்பு போன பாதை மாதிரி இருந்தது.

"என்னக்கா செய்யுதிய?" என்றேன்.

"கோலம்மா. நல்லா வருதில்ல?"

"நல்லா வருதாவா? இங்கன குடுங்க பொடிய!"

நான் ஒரு மூலையைப் பிடித்தேன். அந்தப் பக்கத்திலிருந்து மாமி, "அவகிட்ட விட்டா தெருவே கோணிக்கும்" என்று சொல்லிக்கொண்டு இன்னொரு மூலையைப் பிடித்தாள். 'அவ' என்றது அக்காவையா என்னையா என்று கேட்க நேரமில்லை. வெயில் ஏறும்போது தெரு நிறையக் கோலம். நானும் மாமியும் எதிரெதிரே வரைந்து வந்து நடுவில் தலை முட்டிக்கொண்டோம். நிமிர்ந்து பார்த்தால் அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறாள். "எனக்கு எங்கம்மா வருது இதெல்லாம்" என்றாள், ரொம்பத் துக்கத்தோடு.

இன்னொரு தடவை, கோடையில் தண்ணி லாரி வந்தபோது குடத்துக்குக் குடம் சண்டை. "நான் வரிசை வைக்கறேன்" என்று அக்கா இறங்கினாள். கடைசியாக வந்தவள் வாளியை முதலில் வைத்தாள். மாமியின் பித்தளைக் குடத்தை லாரிக்கு அடியில் வைத்தாள். என் குடத்தை வைத்த இடம் அவளுக்கே மறந்துபோய், அவளும் சேர்ந்து தேடினாள். ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொண்டிருந்த எல்லாரும் அக்காவைத் திட்டத் தொடங்கினோம். திட்டித் திட்டி, நாங்களே ஒரு வரிசை முறை பேசி முடித்தோம். அந்த முறைதான் லாரி வந்த காலம் வரை நடந்தது. அக்கா நடுவில் நின்று, "சாரிம்மா, சாரிம்மா" என்று எல்லாருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தாள்.

இப்படிப்பட்டவளைத் தலைவி ஆக்கினால் என்ன ஆகும்? ஆக்கினோம்.

காலனி லேடீஸ் கிளப் கூட்டத்துக்கு ஒருநாள் ஒரு சாஹேப் வந்தார். வெளுத்துப்போன ஷேர்வானி, வெளுக்காத மரியாதை. பழைய நகரத்தில் சார்மினாரைத் தாண்டி ஒரு சந்துக்குள் ஒரு நவாபு மாளிகை மியூசியமாக இருக்கிறது என்றும், அதற்கு அவர்தான் பொறுப்பு என்றும் சொன்னார். அவர் உருதுவில் சொல்லச் சொல்ல அக்கா எங்களுக்குத் தமிழில் முணுமுணுத்தாள். கீழே வாளும் துப்பாக்கியும் பெரிய பெரிய படங்களும் இருக்கின்றன. அதைப் பார்க்க ஜனம் வருகிறது. மாடியில் அந்த வீட்டுப் பெண்கள் புழங்கின அறை, ஜனானா, பூட்டியே கிடக்கிறது. தசரா முடிந்ததும் டெல்லியிலிருந்து ஒரு பெரிய ஆபீசர் பார்வையிட வருகிறார். அதற்குள் அதைத் திறந்து காட்டும்படி செய்யாவிட்டால் சாமான்களை மூட்டை கட்டிக் கிடங்குக்கு அனுப்பிவிட்டு அறையை ஆபீசாக்கிவிடுவார்கள். சாஹேபிடம் ஆள் இல்லை. ரிடையராக நாளும் அதிகம் இல்லை.

"வாளுக்கு ஆள் இருக்கான், சீப்புக்கு ஆள் இல்லை" என்று அவர் சொன்னதை அக்கா தமிழில் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"யார் முன்னால வர்றீங்க? ஒரு தலைவி வேணும்" என்று பெரிய மேனேஜர் வீட்டம்மாள் கேட்டாள். எல்லாரும் அவரவர் கால் விரலைப் பார்த்தோம். அக்கா கையைத் தூக்கினாள்.

"ரொம்ப சந்தோஷம்!" என்றாள் மேனேஜர் வீட்டம்மாள். கை தட்டினார்கள்.

"அய்யோ, நான் ஃபேனைக் கொஞ்சம் கூட்டச் சொல்லத்தான்..." என்றாள் அக்கா. கைதட்டலில் யார் காதிலும் விழவில்லை.

ஃபாக்டரி பஸ் ஞாயிற்றுக்கிழமையில் சும்மாதானே நிற்கிறது, அதைக் கொடுத்தார்கள். உப்பல் வழியாக அவ்வளவு தூரம் போய், சந்து முனையில் இறங்கி நடந்தோம். மாளிகை மாடியில் அந்தக் கதவைத் திறந்ததும் வந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. அத்தர் பாதி, எலி பாதி. உள்ளே மூடி மூடி வைத்த மூட்டைகள். வெற்றிலைப் பெட்டி, அத்தர்க் குப்பி, மைச்சிமிழ், தந்தச் சீப்பு, வெள்ளிக் கிலுகிலுப்பை, பளபளவென்று ஒரு எச்சில் படிக்கம், இடுப்பில் செருகுகிற பெரிய சாவிக்கொத்து ஒன்று. ஒரு ஓரத்தில் திரைச்சீலை போட்ட பல்லக்கு. அந்த அறையே ஒரு கூடம்தான்; அதன் ஒரு சுவர் முழுக்கக் கல்லில் ஓட்டை ஓட்டையாகச் செதுக்கிய ஜாலி, அதற்குப் பின்னால் ஆள் உட்காரும்படி ஒரு மேடை.

"இதுக்குப் பின்னால உட்கார்ந்தா கூடத்துல நடக்கறது எல்லாம் தெரியும். கூடத்துல நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. பேகம் இங்கே உட்கார்ந்துதான் வீட்டை நடத்துவாங்களாம்" என்று சாஹேப் சொன்னதாக அக்கா சொன்னாள். சொல்லிவிட்டு அந்தப் பல்லக்கின் திரையைக் கட்டப் போனாள். கட்டினது கையோடு வந்தது.

பிறகு நடந்ததெல்லாம் பழைய கதைதான். அக்கா துணியை எடுப்பாள், தூசி தட்டுவதற்குப் பதில் தூசியைப் பரப்புவாள், யாராவது ஒருத்தி பிடுங்குவாள். அக்கா கூடையைத் திறந்து டீ ஊற்றிக்கொள்வாள். ரெண்டு ஞாயிறு போனதும் எனக்குள் ஒரு பூச்சி ஊர ஆரம்பித்தது. இவளுக்கு நிஜமாகவே வராதா? அல்லது நாம்தான் ஏமாளிகளா?

சரி, சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று மாமியிடம் ரகசியமாகச் சொன்னேன். "மாமி, இன்னைக்கு அக்கா என்ன கோட்டை விட்டாலும் யாரும் கை வைக்கக் கூடாது. அவுகளே செய்யட்டும். பாப்போம்."

மாமிக்கும் உற்சாகம். "பேஷா! நான் பார்த்துண்டு உட்காந்திருக்கேன்."

அக்கா பல்லக்குத் திரைக்கு வந்தாள். நாலு மூலையிலும் கயிற்றால் இழுத்துக் கட்ட வேண்டும். ஒரு மூலையைக் கட்டினாள், தொங்கியது. இன்னொன்றைக் கட்டினாள், முதல் மூலை அவிழ்ந்தது. நாங்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். மாமி தன் கையைத் தானே பிடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். கடைசியில் அக்கா ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் இறங்கி, நொண்டிக் கோழி சிறகு மாதிரி ஒரு கட்டுக் கட்டிவிட்டு, ரெண்டடி தள்ளி நின்று பார்த்தாள்.

"ஹவ். ஆச்சு" என்றாள். போய் டீ ஊற்றிக்கொண்டாள்.

அவ்வளவுதான். அன்றைக்கு முழுக்க அது அப்படியே தொங்கியது. அக்கா அதற்கு எதிரிலேயே உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். எங்களால் முடியவில்லை. எங்கே திரும்பினாலும் கண் அங்கே போனது. அந்த வாரம் ரசத்துக்குத் தாளிக்கும்போதுகூட எனக்கு எதிரில் அந்தத் திரை கோணலாக ஆடியது. "என்னளா, உப்பை ரெண்டு தரம் போட்டுட்டியா?" என்று வீட்டில் கேட்டார்கள்.

அடுத்த ஞாயிறு பஸ் நிற்பதற்குள் குதித்தேன். சந்தில் ஓடினேன். மாடி ஏறினால் எனக்கு முன்னால் மாமி! அந்த முழங்கால் வலியோடு எப்படி ஏறினாளோ, திரையை அவிழ்த்துக்கொண்டிருக்கிறாள். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளாமல் ரெண்டு பக்கமும் நின்று கட்டி முடித்தோம். அக்கா நிதானமாக மேலே வந்தாள்.

"அடடே, எவ்ளோ அழகா கீது! எனக்கு எங்கம்மா வருது" என்றாள்.

கோணல் ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டு நிம்மதியாக டீ குடிக்க அவளால் முடியும். எங்களால் முடியாது. ஜெயித்தது அவள்தான்.

தசரா வந்து போனது. டெல்லி ஆபீசர் வரும் நாளும் வந்துகொண்டிருந்தது. சாமான்களை வைக்க வரவேண்டிய கண்ணாடி அலமாரிகள் மட்டும் வரவில்லை. சாஹேப் தினமும் கடிதம் போட்டுப் பார்த்து ஓய்ந்துபோனார். எல்லாம் தரையில் கிடந்தன. அக்கா, "தரையிலயே அழகா வெச்சிடலாம்" என்று, எச்சில் படிக்கத்தை நட்டநடுவில் வைத்து, சுற்றிலும் சீப்புகளை வைத்தாள். படிக்கத்துக்குச் சீப்பு சேவகம் செய்கிற மாதிரி இருந்தது.

மாமி பதறிப்போனாள். "ராமா ராமா! துப்பற பாத்திரத்தை யாராவது நடுவுல வெப்பாளோ? தள்ளுங்கோ. எங்காத்துக் கொலுப்படியைக் கழட்டி இன்னும் பரண்ல ஏத்தலை. கொண்டுவரச் சொல்றேன்."

எங்கள் காலனியில் கொலுப்படி மரத்தில் இருக்காது. ஃபாக்டரியில் ராக்குக்குப் போடுகிற ஓட்டை ஓட்டையான இரும்புச் சட்டம், போல்ட்டு, நட்டு. மாமாவே பூட்டுவார், மாமாவே கழட்டுவார். அது பஸ் ஏறி வந்து ஜனானாவுக்குள் நின்றது. மேலே வெள்ளை வேட்டி விரித்தோம். அப்புறம் எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பெரியது மேலே, சின்னது கீழே, ஜோடி ஜோடியாக, கண்ணுக்கு நேராக. கீழ்ப்படியில் பொம்மைச் செட்டியார் உட்காருகிற இடத்தில் வெற்றிலைப் பெட்டி உட்கார்ந்தது.

மேல்படியில் எது என்பதில் மாட்டிக்கொண்டோம். வெள்ளியில் ஏதாவது வைக்கவேண்டும் என்றாள் மாமி. சாவிக்கொத்து என்றேன் நான்.

"துருப்பிடிச்ச சாவியா? நன்னா இருக்கு!"

"சாவி வச்சிருக்கவதான மாமி வீட்டுக்குப் பெரியவ?"

"நீ மூணாங்கிளாஸ் படிச்சவ, உனக்கு என்னடி தெரியும்?"

"உங்க வீட்டுச் சாவி உங்க மருமக இடுப்புல இருந்தா தெரியும் உங்களுக்கு!"

மாமி மூச்சை இழுத்து அடுத்த வார்த்தையை எடுப்பதற்குள் அக்கா படிக்கத்தைத் தூக்கி மேல்படியில் வைத்துவிட்டாள். "இதுதாம்மா எல்லாத்துலயும் பெருசா கீது" என்றாள்.

"அய்யய்யோ!" என்று நானும் மாமியும் ஒரே குரலில் கத்தினோம். மாமி படிக்கத்தை இறக்கினாள். இறக்கின கையாலேயே சாவிக்கொத்தை எடுத்து மேலே வைத்தாள். "இதுக்கு அது தேவலை" என்றாள்.

அன்றைக்கு மத்தியானம் சாஹேப் மேலே வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. மியூசியத்தில் இப்படி வைக்கவே கூடாதாம். எது எந்தக் காலத்தது என்று பார்த்து, தனித்தனியாக, கண்ணாடிக்குள் வைக்க வேண்டுமாம். அதுவும் நவாபு வீட்டு ஜனானாவில் படி ஏது, வேட்டி ஏது? டெல்லி ஆபீசர் பார்த்தால் அறையும் போகும், ரிடையராகிற வயசில் அவர் பேரும் போகும். கோபித்துக்கொள்ளத் தெரியாத மனிதர், அதனால் பார்க்க இன்னும் கஷ்டமாக இருந்தது.

நாங்கள் விரித்த வேட்டியையே பார்த்தோம். அக்கா மட்டும், "ஹவ் சாஹேப், தப்புதான். இப்பவே பிரிச்சிடறோம்" என்று உருதுவில் சொல்லிவிட்டு, ஒரு கையில் தந்தச் சீப்பையும், இன்னொரு கையில் மூடியைப் பிடித்து அத்தர்க் குப்பியையும் தூக்கினாள். மூடி தனியாக வர ஆரம்பித்தது. குப்பி ஆடியது.

"அரே பீபி! நக்கோ, நக்கோ!" சாஹேப் பாய்ந்து வந்து குப்பியை ரெண்டு கையாலும் வாங்கினார். நெஞ்சோடு வைத்துக்கொண்டார். இருந்த இடத்திலேயே பத்திரமாகத் திரும்ப வைத்தார். வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். குப்பியைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினார். அடுத்த படியில் மைச்சிமிழைத் திருப்பி வைத்தார். அப்புறம் கிலுகிலுப்பை. பொழுது சாயும் வரை சாஹேப் எங்கள் கொலுவைச் சரி செய்துகொண்டிருந்தார். அக்கா டீ ஊற்றிக்கொண்டாள்.

அன்றைக்கு முதல்முறையாக எனக்கு அவளைப் பார்த்துக் கொஞ்சம் பயமாக இருந்தது.

ஆபீசர் வருகிற நாள். எங்களில் உருது, இந்தி, இங்கிலீஷ் மூன்றும் தண்ணியாகப் பேசுகிறவள் அக்கா ஒருத்திதான். அவள்தான் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வதாக ஏற்பாடு. காலையில் பஸ் ஏறினாள். கழுத்தில் மப்ளர்.

"என்னக்கா?"

கையை விரித்தாள். தொண்டையைக் காட்டினாள். காற்றுதான் வந்தது.

"குரல் போயிட்டா? இன்னைக்கா?"

தலையை ஆட்டினாள், அழுகிற மாதிரி. மாமி மிளகு கஷாயம் என்றாள், இன்னொருத்தி உப்புத் தண்ணி என்றாள். நான் மப்ளரையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

ஆபீசர் வந்தார். இஸ்திரி போட்ட முகம். மாடிக்கு வந்தவர் எங்கள் படியைப் பார்த்தார். சாஹேபைப் பார்த்தார். "ஏ க்யா ஹை? துக்கான்?" என்றார். கடையா என்று கேட்கிறார். சாஹேபின் கை ஷேர்வானிப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. மேனேஜர் வீட்டம்மாள் அக்காவை முன்னால் தள்ளினாள்.

அக்கா வாயைத் திறந்தாள். காற்று. சரி என்று கையால் சொல்ல ஆரம்பித்தாள். எதை எடுத்தாள் என்கிறீர்கள்? எச்சில் படிக்கத்தை. அதை ரெண்டு கையாலும் ஏந்தி, வாய்க்கு நேராகக் கொண்டுபோய், குடிக்கிற மாதிரி காட்டி, "ஆஹா" என்று கண்ணை மூடிக் காட்டினாள்.

ஆபீசருக்கு முழி பிதுங்கியது. கோணல் திரை, கோணல் கோலம் எல்லாம் சேர்ந்து என் தொண்டைக்கு வந்துவிட்டது.

"நை சாப்!" என்று கத்திவிட்டேன். "அது குடிக்கறதுக்கு இல்ல சாப், துப்பறதுக்கு!"

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த இந்தி காய்கறிக்காரனோடு சண்டை போடுகிற இந்தி. வேறு வழி இல்லை. படிக்கத்தை அக்கா கையிலிருந்து பிடுங்கினேன், பேச ஆரம்பித்தேன். பேகம் வெற்றிலை போடுவது, மை தீட்டுவது, பிள்ளைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுவது. பேகத்தை ஆம்பளையாகவும் நவாபைப் பொம்பளையாகவும் பேசியிருப்பேன். பாதி சாஹேப் சொன்னது, பாதி நானே விட்ட கதை. ஆபீசர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் படியைக் காட்டிக் கேட்டார், இது நவாபு வீட்டு வழக்கமா என்று.

சாஹேப் கண்ணை மூடிக்கொண்டார். ஆமாம் என்று சொன்னால் பொய். இல்லை என்று சொன்னால் அறை போச்சு.

"இல்ல சாப், இது எங்க வழக்கம்" என்றேன். "எங்க வீட்டுல தசராவுக்கு உள்ளதையெல்லாம் படியில வெச்சு வந்தவங்களுக்குக் காட்டுவோம். உங்க அலமாரி வரல. இந்த வீட்டுப் பொம்பளைங்க சாமான் தரையில கிடந்துச்சு. எங்களுக்குத் தெரிஞ்ச மரியாதை இதுதான், செஞ்சோம்."

"மேலே ஏன் சாவி?"

"கீழ இருக்க வாளெல்லாம் நவாபுக்கு சாப். ஆனா அந்த வாளை வெச்ச பெட்டியைப் பூட்டினது யாரு?"

அவர் சிரிக்கவில்லை. நான் விடவில்லை. "ஜாலிக்குப் பின்னால போய் உட்கார்ந்து பாருங்க சாப், அப்பதான் தெரியும்" என்றேன். டெல்லி ஆபீசரை உட்காரச் சொல்லி விரல் நீட்டினவள் நான்தான். அவரும் போய் உட்கார்ந்தார். நாங்கள் கூடத்தில் நின்றோம். அவர் பார்க்கிறார் என்பதையே சாஹேப் மறந்துபோனார் போலிருக்கிறது. நான் ஆட்டிவிட்டு வைத்த கிலுகிலுப்பையை எடுத்து, ஷேர்வானி நுனியால் துடைத்து, குழந்தையைக் கிடத்துகிற மாதிரி படியில் வைத்தார்.

ஆபீசர் வெளியே வர நேரமாயிற்று. வந்து சாஹேபிடம்தான் பேசினார். அலமாரி பத்து நாளில் வந்து சேரும், வந்ததும் படியை எடுத்துவிட வேண்டும். அறை அறையாகவே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்து வையுங்கள், சொல்ல ஆள் வேண்டும். யார் இங்கே லீடர்?

எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். அக்கா மப்ளரைப் பிடித்தபடி என்னைக் காட்டினாள். சாஹேப் பையிலிருந்து அறைச் சாவியை எடுத்து, ரெண்டு கையாலும் நீட்டினார். என் கை தானாகப் போய் அதை வாங்கி இடுப்பில் செருகியது.

திரும்பும்போது பஸ் கிளம்பி சந்து முனை தாண்டிவிட்டது. கை கழுவப் போன மாமி பின்னாலிருந்து ஓடிவருவதை டிரைவர் பார்க்கவில்லை.

"அரே டிரைவர் சாப்! ரோக்கோ! மாமி கீழ நிக்குது!"

ஃபாக்டரி சங்குகூட அப்படி ஊதியதில்லை. பஸ் குலுங்கி நின்றது. எல்லாரும் திரும்பினோம். அக்கா மெதுவாக மப்ளரைத் தொட்டாள்.

"தொண்டை?" என்றேன்.

"இப்பதாம்மா திறந்துச்சு" என்றாள், மெல்லிசாக இருமிக்கொண்டே. "கைக்கு அப்படிப் பாக்கற?"

அதற்கப்புறம் ரெண்டு மூன்று ஞாயிறு நான் தலைவியாக இருந்த லட்சணத்தைச் சொல்கிறேன். இடுப்பில் சாவியோடு நின்று, நீ பெருக்கு, நீ துடை, மாமி நீங்க வாசல்ல நில்லுங்க என்றேன். ஒருத்தியும் அசையவில்லை. "டெல்லிக்காரன் ரெண்டு வார்த்தை கேட்டுட்டான்னா நீ கலெக்டராயிடுவியோ?" என்றாள் மாமி. முகத்தைத் தூக்கிக்கொண்டு எல்லா வேலையையும் நானே செய்தேன். பெருக்கி, துடைத்து, வருகிற சனத்துக்குப் பேசி, பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிப்போனேன். இப்படியே போனால் அடுத்த மாதம் யாரும் வரமாட்டார்கள், வராவிட்டால் அறை திரும்பவும் பூட்டிக்கொள்ளும். சாஹேப் சந்து முனையில் நின்று எங்கள் பஸ்ஸிலிருந்து எத்தனை தலை இறங்குகிறது என்று மட்டும் பார்த்தார்.

அலமாரி வந்து, படி மாமி வீட்டுக்குத் திரும்பிப்போன பிறகு ஒரு ஞாயிறு. நான் சீக்கிரமே மேலே வந்து ஜாலிக்குப் பின்னால் குனிந்து மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் காலடிச் சத்தம். ஓட்டை வழியாகப் பார்த்தேன். அக்கா. யாரும் இல்லை என்று நினைத்திருக்கிறாள்.

பல்லக்குத் திரையில் ஒரு மூலை அவிழ்ந்து கிடந்தது. அக்கா கூடையைக் கீழே வைத்தாள். கயிற்றை எடுத்தாள். அந்தப் பெரிய கை ஒரு சுழற்று சுழற்றியது, ஒரு இழுப்பு, அவ்வளவுதான். பூ மாதிரி ஒரு முடிச்சு. திரை தண்ணீர்க் கோடு போல நேராக நின்றது. நானும் மாமியும் சேர்ந்து கட்டினபோதுகூட அப்படி நிற்கவில்லை.

அக்கா தள்ளி நின்று அதைப் பார்த்தாள். படிக்கட்டில் மற்றவர்கள் பேசிக்கொண்டு ஏறுகிற சத்தம் கேட்டது. அவள் முன்னால் போய், அந்த முடிச்சை அவிழ்த்தாள். கோணலாக, தொங்கத் தொங்க, நொண்டிக் கோழிச் சிறகாகக் கட்டினாள்.

"ஏம்மா, யாராச்சும் இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டாள். "இது எனக்கு வரவே மாட்டேங்குது."

நான் ஜாலிக்குப் பின்னாலிருந்து எழுந்து வெளியே வந்தேன். அக்கா திடுக்கிட்டாளோ என்னவோ, முகத்தில் தெரியவில்லை. நேராகத் திரைக்குப் போனேன். கயிற்றைப் பிடித்தேன். மாமி வாசலில் கால் வைப்பது தெரிந்தது. இருந்த முடிச்சையும் அவிழ்த்து, என்னால் முடிந்த மட்டும் அசிங்கமாக ஒன்று கட்டினேன். திரை இன்னும் ஒரு முழம் இறங்கியது.

"எனக்கும் வரலையே அக்கா" என்றேன்.

"கஷ்டகாலம்!" மாமி முழங்காலை மறந்து ஓடிவந்தாள். "ரெண்டு பேரும் விலகுங்கோ! ஒரு திரை கட்டத் துப்பில்லை, சாவியை மட்டும் இடுப்புல செருகிண்டாச்சு. ஏய், அந்தப் பக்கம் யாராவது பிடிங்கோடி! நீ விளக்குமாத்தை எடு, இங்க எவ்வளவு தூசி பார்!"

ஒருத்தி அந்தப் பக்கம் பிடித்தாள். ஒருத்தி விளக்குமாற்றை எடுத்தாள். அறையில் எல்லாக் கைகளும் ஓட ஆரம்பித்தன.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. போய் ஜாலி மேடையில் உட்கார்ந்து கூடையைத் திறந்தாள். தெர்மாஸை எடுத்தாள், கப்பை எடுத்தாள். அப்புறம் கூடையின் அடியில் கையை விட்டுத் துழாவி, இத்தனை நாளாக நான் பார்த்தே இராத இன்னொரு கப்பை எடுத்து என் பக்கமாக வைத்தாள்.